சிறுவர் புத்தகம் எழுதி வரைவதைத் தொழிலாக வைத்துக் கொழும்பில் வாழ முடியுமா?

வெள்ளவத்தைப் பூனை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொள்ளுப்பிட்டியில் ஒரு விளம்பர நிறுவனத்தில் டிசைனராக இருக்கிறேன். பகல் முழுக்க பிஸ்கட் பக்கெட்டுக்கும் ஷாம்பு போத்தலுக்கும் வரைந்துவிட்டு, இரவில் எனக்குப் பிடித்ததைச் செய்கிறேன், அதாவது சின்னப் பிள்ளைகளுக்குக் கதை எழுதி நானே படமும் போடுகிறேன். கதையும் படமும் ஒரே ஆள் செய்வதில் ஒரு சுகம் இருக்கிறது, படம் சொல்வதை எழுத்து திரும்பச் சொல்லத் தேவையில்லை. முடிந்த கதை ஒன்று கையில் இருக்கிறது, இன்னும் இரண்டு பாதியில் நிற்கின்றன.

பேஸ்புக்கில் போட்ட சில படங்களைப் பார்த்துவிட்டு இங்குள்ள ஒரு பதிப்பகத்தில் இருந்து கதைத்தார்கள். அவர்களிடம் வேறொருவர் எழுதிய கதை இருக்கிறதாம், 24 பக்கம், அட்டையோடு சேர்த்து எல்லாப் படமும் நான் போட வேண்டும். மொத்தமாக ஒரு தொகை, ரோயல்ட்டி, அதாவது விற்பனையில் பங்கு, கிடையாது. பெயர் எங்கே வரும் என்று கேட்டேன், "உள்ளே போடுவோம்" என்றார்கள். எல்லாமே வட்ஸ்அப்பில்தான், கடதாசியில் ஒன்றும் இல்லை. என் சொந்தக் கதையைப் பற்றிக் கேட்டதற்கு, அச்சுச் செலவில் பாதியை நான் போட்டால் யோசிக்கலாம் என்று பதில் வந்தது.

வேலையை விட்டுவிட்டு இதில் முழுதாக இறங்கலாமா என்று ஒரு யோசனை ஓடிக்கொண்டே இருக்கிறது. அம்மா, "படம் கீறிச் சோறு சாப்பிட்டவள் யார் இருக்கிறாள், ஒருத்தியைக் காட்டு" என்கிறா. எனக்கும் உடனே பதில் வரவில்லை. இங்கே யாராவது இந்தத் தொழிலில் இருந்தால் சொல்லுங்கள், இந்த வேலையை எடுக்கலாமா, எடுத்தால் என்ன கேட்க வேண்டும், சொந்தக் கதையை நானே அச்சடிப்பது பைத்தியக்காரத்தனமா?

கறுப்பு மை எழுதியது:

தங்கச்சி, முதலில் வேலை விஷயம், அதுதான் அவசரம். இப்போதைக்கு விடாதீர்கள். நான் இந்தத் துறையில் நீண்டகாலமாக இருக்கிறேன், என் வீட்டு வாடகையைக் கட்டுவது பயிற்சிப் புத்தகங்கள், சுகாதாரக் கையேடுகள், பத்திரிகைச் சிறுவர் பக்கம் இவைதான். கதைப் புத்தகத்தில் வருவது அதற்கு மேல் ஒரு கறி, சில வருடம் அதுவும் இல்லை.

அம்மாவுக்குக் காட்ட ஒருத்தி இருக்கிறா, சிபில் வெத்தசிங்க. காலிப் பக்கம் கிந்தோட்டையில் 1927இல் பிறந்து, பம்பலப்பிட்டி திருக்குடும்பக் கன்னியர் மடத்தில் படித்தவர். பள்ளிக்கூட வயதிலேயே ஒரு வாசிப்புப் புத்தகத்துக்குப் படம் போட்டார். பிறகு 'லங்காதீப', அதற்குப் பிறகு ஏரிக்கரை என்கிற லேக் ஹவுஸ் நிறுவனத்தின் 'ஜனத' என்று பத்திரிகைகளில் சம்பளத்துக்கு வரைந்தார். 'குட ஹொரா' என்ற குடைத்திருடன் கதை 1956இல் புத்தகமானது, அது ஜப்பான்வரை போய்ப் பரிசு வாங்கியது. 2020இல் 92 வயதில் காலமாகும்வரை கை நிற்கவில்லை, இருநூறுக்கு மேல் புத்தகங்கள். ஆனால் அம்மாவிடம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அந்தப் பெயர் பத்திரிகைச் சம்பளத்தின் மேல் வளர்ந்தது. ஒவ்வொரு வாரமும் குறித்த நேரத்துக்குப் படம் கொடுக்க வேண்டிய கட்டாயம்தான் அவருடைய கோட்டைப் பழக்கியது என்பது என் எண்ணம்.

அமெரிக்கச் சிறுவர் புத்தக ஓவியர் எரிக் கார்லும் உங்களைப் போல விளம்பரக்காரர்தான். அவர் ஒரு விளம்பரத்துக்குச் செய்த சிவப்பு லொப்ஸ்ரரைப் பார்த்துவிட்டுத்தான் பில் மார்ட்டின் என்ற எழுத்தாளர் தன் கதைக்குப் படம் போடச் சொல்லிக் கேட்டார், அந்தப் புத்தகம் வந்தது 1967இல். எல்லோருக்கும் தெரிந்த அவருடைய பசித்த கம்பளிப்புழுப் புத்தகம் 1969இல், அப்போது அவருக்கு நாற்பது வயதாகிறது. ஆகவே பிஸ்கட் பக்கெட்டைக் கேவலமாக நினைக்காதீர்கள், கையும் பழகுகிறது, காசும் வருகிறது.

இப்போது அந்தப் பதிப்பகம். கடதாசி இல்லாமல் ஒரு கோடும் கீறாதீர்கள். காரணம் நம்பிக்கை இல்லை என்பதல்ல, சட்டம். நம் நாட்டில் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தில் ஒரு சங்கதி பலருக்குத் தெரியாது: ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் நீங்கள் செய்துகொடுக்கும் வேலையின் பொருளாதார உரிமை, அதாவது அதை அச்சடித்து விற்கிற உரிமை, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், செய்யச் சொன்னவருக்குத்தான் போகும். கடதாசி இல்லை என்றால் உரிமை உங்களிடமே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், இங்கே அது தலைகீழ். மௌனமாக இருந்தால் நட்டம் உங்களுக்கு.

அதே சட்டம் பெயர் விஷயத்தில் உங்கள் பக்கம். படைத்தவரின் பெயர் பிரதிகளில் தெரியும்படி வர வேண்டும், படைப்பை அவருடைய பெயருக்குக் கெடுதல் வரும்படி சிதைக்கக்கூடாது, இவை தார்மீக உரிமைகள், நீங்கள் உயிரோடு இருக்கும்வரை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கக்கூட முடியாது. "உள்ளே போடுவோம்" என்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள். படப் புத்தகத்தில் பாதிக் கதையைச் சொல்வது ஓவியர், எழுதியவர் பெயருக்குப் பக்கத்தில், அட்டையில், அதே அளவு எழுத்தில் வர வேண்டும்.

மொத்தத் தொகை வாங்குவது குற்றம் இல்லை, நானும் வாங்குகிறேன். எதற்காக அந்தத் தொகை என்பதுதான் கேள்வி. தமிழ்ப் பதிப்புக்கு மட்டும், அச்சுப் புத்தகத்துக்கு மட்டும், முதல் பதிப்புக்கு மட்டும் என்று எழுதுங்கள். மறுபதிப்பு, சிங்களப் பதிப்பு, ஆங்கிலப் பதிப்பு, செயலி, அசைபடம், ரீ-சேர்ட், எல்லாம் தனித்தனியாகக் கதைக்க வேண்டியவை. பொம்மை, சட்டை எல்லாம் எங்கே வரப்போகிறது என்று சிரிக்காதீர்கள், இங்கிலாந்தில் பீட்டர் முயல் கதையை எழுதி வரைந்த பீட்ரிக்ஸ் பொட்டர் தன் முயல் புத்தகம் கடைக்கு வந்த அடுத்த வருடமே, 1903இல், முயல் பொம்மையைத் தன் பெயரில் பதிந்து வைத்தவர். அப்புறம் பாதிக் காசு ஆரம்பத்திலேயே வேண்டும், பென்சில் வரைவுக்கு இத்தனை தடவை திருத்தம், நிறம் கொடுத்த பிறகு திருத்தத்துக்குத் தனிக்காசு என்றும் எழுதுங்கள். கையால் வரைந்தால் மூலப்படம் உங்களிடமே திரும்பி வர வேண்டும். பச்சையாகக் கேட்டால் கோபிப்பார்களோ என்று பயப்பட வேண்டாம், கேட்டவுடன் கோபிக்கிற இடம் காசு தருகிற நேரத்திலும் அப்படித்தான் இருக்கும்.

இன்னொன்று, உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்து வாசியுங்கள். வேலையின் பகுதியாகச் செய்வது முதலாளிக்குச் சொந்தம். வீட்டில் சொந்தக் கொம்பியூட்டரில் செய்வது அதில் வராது, ஆனால் சில நிறுவனங்கள் வெளிவேலைக்கு அனுமதி எடுக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள்.

நாலுகலர் எழுதியது:

கறுப்பு மை அண்ணா சட்டம் சொல்லிவிட்டார், நான் அச்சகத்துப் பக்கம். கொட்டாஞ்சேனையில் லேஅவுட் வேலை செய்கிறேன், வருகிற கோப்புகளைப் பார்த்தால் அழுகை வரும், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

24 பக்கம் என்பதை அவர்கள் சும்மா சொல்லவில்லை. பெரிய தாளில் ஒரு பக்கத்துக்கு எட்டாக இரண்டு பக்கமும் அடித்து மடித்தால் 16 பக்கம் வரும். ஒரு தாளும் அரைத் தாளும் 24, இரண்டு தாள் 32. வெளிநாட்டுப் படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கத்தில் நிற்பதற்கும் இதுதான் காரணம். நடுவில் பின் அடிக்கிற புத்தகம் என்றால் நாலால் பிரிபடவே வேண்டும். அந்த 24க்குள் தலைப்புப் பக்கம், பதிப்புரிமைப் பக்கம் எல்லாம் போய்விட்டால் கதைக்குப் பத்துப் பதினொரு விரிப்புத்தான் மிஞ்சும், விரிப்பு என்றால் திறந்தால் எதிரெதிரே தெரிகிற இரண்டு பக்கம். எழுத்தை முடித்துவிட்டுப் படத்துக்கு இடம் தேடாமல், சாதாரணத் தாளை மடித்து ஒரு டம்மி செய்து, எந்த வரி எந்தப் பக்கத்தில் என்று பென்சிலால் போட்டுப் பாருங்கள். முக்கியமான முகத்தை நடு மடிப்பில் வைக்காதீர்கள், பின் மூக்கில் குத்தும்.

300 டிபிஐ, நாலு பக்கமும் 3 மில்லிமீற்றர் வெட்டுமிச்சம், இது டிசைனருக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் திரையில் பளிச்சென்று தெரிகிற பச்சையும் ஊதாவும் நாலுகலரில் சாம்பலாகி வரும், ஆகவே ஆரம்பத்திலேயே அந்த நிற எல்லைக்குள் வரையுங்கள், ஒரு பக்கமாவது அடித்துப் பார்க்காமல் ஓகே சொல்லாதீர்கள்.

தமிழ் எழுத்துத்தான் பெரிய தலையிடி. இங்கே கனபேர் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கிறார்கள், நீங்கள் யுனிகோடில் அனுப்பினால் மாற்றும்போது எங்காவது ஒரு எழுத்து காணாமல் போகும். பக்கம் அமைக்கிற மென்பொருளான இன்டிசைனில் யுனிகோட் பாவித்தால் பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கொம்போசர் என்ற தெரிவைப் போடுங்கள், போடாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், எழுத்துப் பழகுகிற பிள்ளையின் கையில் அப்படி ஒரு புத்தகம் போவது பாவம். எழுத்தைப் படத்தோடு சேர்த்து ஒட்டிவிடவும் வேண்டாம். தனி அடுக்கில், முழுக் கறுப்பில் மட்டும் வையுங்கள். நாளைக்குச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வருகிறது என்றால் நாலு நிறத்துக்கான நாலு அச்சுத் தகட்டில் கறுப்பை மட்டும் மாற்றினால் போதும், மற்ற மூன்றும் அப்படியே ஓடும். ஒரே படத்தை மூன்று மொழியில் அடிக்கிறபோது செலவு குறைவதன் இரகசியம் இவ்வளவுதான்.

சொந்தமாக அடிப்பது பைத்தியக்காரத்தனமா என்று கேட்டீர்கள். மேலே சொன்ன பொட்டரே பல பதிப்பகம் திருப்பி அனுப்பிய பிறகு 1901இல் தன் காசில் 250 பிரதிதான் அடித்தார், அடுத்த வருடம் பதிப்பகமே வந்து எடுத்தது. குறைவான பிரதி என்றால் டிஜிட்டல், ஆயிரத்தை நெருங்கினால் ஓஃப்செட் பக்கம் போகலாம், இரண்டுக்கும் விலை கேளுங்கள். தாள் விலை ஒரேயடியாக ஏறுவதை 2022இல் பார்த்தோம், தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிப் போட்டார்கள். ஆகவே விலைமனு எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதையும் அச்சகத்திடம் எழுதி வாங்குங்கள். புத்தகத்தை அடையாளம் காட்டுகிற ஐஎஸ்பிஎன் இலக்கத்துக்குக் கொழும்பு 7, சுதந்திர மாவத்தையில் இருக்கிற தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பாதிச் செலவு போட்டுப் பதிப்பகத்தோடு சேர்வதை மட்டும் நான் செய்யச் சொல்லமாட்டேன். பாதிக் காசு உங்களுடையது, முழுப் பெயர் அவர்களுடையது, விற்ற கணக்கும் அவர்கள் கையில்.

நேசரி ரீச்சர் எழுதியது:

எல்லோரும் காசும் தாளும் கதைக்கிறீர்கள், பிள்ளையைக் காணோம்.

மகள், அந்த முடிந்த கதையை யாருக்காவது வாசித்துக் காட்டினீர்களா? பேஸ்புக்கில் லைக் போடுகிறவர்கள் எல்லாம் பெரியவர்கள். நாலு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரை நிலத்தில் இருத்தி, அந்த டம்மியைக் கையில் பிடித்து வாசியுங்கள். எந்தப் பக்கத்தில் ஒரு பிள்ளை சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்குகிறதோ அந்தப் பக்கம் பழுது. எந்தப் பக்கம் திருப்ப முதல் "என்ன நடந்தது" என்று கேட்கிறதோ அந்தத் திருப்பம் சரி. என்னிடம் வருகிற தமிழ்ப் புத்தகங்களில் பாதி, கடைசிப் பக்கத்தில் முயலோ அணிலோ எழும்பி நின்று பெரியவர் சொல் கேட்க வேண்டும் என்று பிரசங்கம் வைக்கிறது. அந்தப் பக்கம் வந்தால் நான் வாசிக்காமலே மூடிவிடுவேன். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டை இன்றைக்கும் பிள்ளைகள் துள்ளித் துள்ளிப் பாடுகிறார்கள், அவர் 1953இல் போய்விட்டார். பாட்டு முழுக்கக் கூழும் கொழுக்கட்டையும்தான், உபதேசம் தேடினாலும் கிடைக்காது. கத்தரித் தோட்டத்து வெருளியைப் பற்றிப் பாடினால் ஒரு பிள்ளை எழும்பி வெருளி மாதிரிக் கையை விரித்துக்கொண்டு நிற்கும். இப்படி ஒன்றை எழுதுங்கள், நான் வாங்குகிறேன்.

வாங்குகிற ஆட்களைப் பற்றியும் உண்மையைச் சொல்ல வேண்டும். கொழும்பில் தமிழ்ப் பெற்றோர் கதைப் புத்தகம் என்று வாங்கினால் ஆங்கிலம், தமிழில் வாங்கினால் எழுத்துப் பயிற்சிக் கொப்பி. வெள்ளவத்தையிலும் செட்டியார் தெருவிலும் கடைகளில் சிறுவர் தட்டில் இந்தியப் புத்தகம் நிறையக் கிடக்கும், நல்ல புத்தகங்களும் உண்டு, ஆனால் அதில் வருகிற தெருவும் பஸ்ஸும் கடையும் எங்கள் பிள்ளை பார்க்கிறது இல்லை. ஒரு பிள்ளை காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸைப் புத்தகத்தில் பார்த்தால் எப்படிக் கத்தும் தெரியுமா, நான் கரும்பலகையில் கீறியே பார்த்திருக்கிறேன். உங்கள் வாசகர் கொழும்பில் மட்டும் இல்லை. மலையகத்துத் தோட்டப் பாடசாலை, வன்னி, மட்டக்களப்பு, அங்கே வகுப்பறையில் தமிழ்ப் புத்தகம்தான் முதல் புத்தகம். ரூம் டு ரீட் அமைப்பு இங்கே சிங்களத்திலும் தமிழிலும் உள்ளூர் எழுத்தாளர், ஓவியரை வைத்துப் புத்தகம் செய்து பாடசாலை வாசிப்பு மூலைகளுக்குக் கொடுத்திருக்கிறது, அந்தப் புத்தகங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள், யார் யார் வரைகிறார்கள் என்று தெரியும்.

பஸ்ஸில் வாசிப்பவன் எழுதியது:

இவ்வளவு அலைச்சல் எதற்கு? ஸ்டோரிவீவர் தளத்தில் ஏற்றிவிடுங்கள். இந்தியாவின் பிரதம் புக்ஸ் என்ற சிறுவர் பதிப்பகம் 2015இல் தொடங்கிய தளம், தமிழிலேயே ஏராளமான கதை இருக்கிறது, அச்சகம் வேண்டாம், பதிப்பகம் வேண்டாம், உலகத்தில் எங்கிருந்தும் பிள்ளைகள் வாசிப்பார்கள். என் மருமகளுக்கு நான் போனில் காட்டுவது அதுதான். காசு வராது, சரி, ஆனால் உங்கள் பெயரை ஆட்கள் அறிவார்கள். முதலில் பெயர், பிறகு காசு.

கறுப்பு மை எழுதியது:

தம்பி சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். நல்ல தளம், நானும் பார்க்கிறேன். ஆனால் அங்கே ஏற்றுவது திறந்த உரிமத்தில், பெயரைக் குறிப்பிட்டால் போதும், யாரும் எடுத்து மாற்றலாம், அச்சடித்து விற்கவும் செய்யலாம். தெரிந்துகொண்டு கொடுத்தால் அது தானம், தெரியாமல் கொடுத்தால் வேறு. இரவிரவாகச் செய்த முதல் கதையை அங்கே போடாதீர்கள் தங்கச்சி. அதற்கென்று சின்னதாக ஒன்று செய்து போடுங்கள், அதுவே உங்கள் விசிட்டிங் கார்ட். மற்றக் கதையைக் கையில் வைத்திருங்கள். "முதலில் பெயர், பிறகு காசு" என்பதை எனக்கு இருபது வயதிலும் சொன்னார்கள், சொன்னவர்கள் எல்லாம் காசு கொடுக்க வேண்டிய இடத்தில் இருந்தவர்கள்.

வெள்ளவத்தைப் பூனை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நியமனக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன், வெளிவேலைக்கு எழுத்தில் அறிவித்தால் போதும் என்றுதான் இருக்கிறது. பதிப்பகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்: முதல் பதிப்பு, தமிழ், அச்சு மட்டும், அட்டையில் பெயர், பாதி முன்பணம். பெயர் சரி என்றார்கள், முன்பணத்துக்கும் பிரச்சினை இல்லையாம், இது வட்ஸ்அப்பில் நான் கேட்டுப் பார்க்காத விஷயம். மறுபதிப்புக்குத் தனிக்காசு என்பதில்தான் இழுக்கிறார்கள். "இந்த நாட்டில் சிறுவர் புத்தகம் மறுபதிப்பு வருவதே அபூர்வம், அதை ஏன் எழுத வேண்டும்" என்கிறார்கள். என்ன சொல்வது?

ரீச்சர், டம்மி செய்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் வாசித்தேன், எட்டாம் பக்கத்தில் சப்பாத்து இல்லை, மூக்கு நோண்டல். அந்த இடத்தில் நான் எழுதியிருந்த நாலு வரியையும் வெட்டிவிட்டேன், படமே போதும். 100 பஸ் என் கதையில் ஏற்கெனவே இருக்கிறது!

கறுப்பு மை எழுதியது:

அபூர்வம் என்றால் எழுதுவதில் அவர்களுக்கு என்ன நட்டம்? இதையே மரியாதையாகக் கேளுங்கள். அப்படியும் இழுத்தால் ஒரு நடுவழி: முதல் பதிப்பு எத்தனை பிரதி என்று எண்ணைப் போட்டு எழுதச் சொல்லுங்கள், அதற்கு மேல் ஒரு பிரதி அடித்தாலும் மறுபடி கதைக்க வேண்டும் என்று ஒரு வரி. பாடசாலை நூலகங்களுக்கு மொத்தமாக ஓடர் வந்தால் அந்த வரிதான் உங்களுக்குக் காசு. சின்ன ஓவியருக்கு அதைத் தர மறுக்கிற இடம் எனக்கு ஒன்று தெரியும், பெயர் வேண்டாம், அவர்களுக்கும் கடைசியில் ஆள் கிடைக்காமல்தான் போனது.

நாலுகலர் எழுதியது:

எண்ணிக்கை எழுதினால் அச்சக பில்லின் கொப்பியையும் கேட்கலாம் என்று சேர்த்துப் போடுங்கள். செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி வருகிறது, எல்லாப் பதிப்பகமும் அதற்கு முதல் மாதம் அச்சகத்தில் வந்து நிற்கும், அந்த நேரத்தில் உங்கள் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவராதீர்கள், யாரும் நிறம் பார்க்கமாட்டார்கள். முன்னுக்கே அடித்து வைத்துவிடுங்கள். மூலப்படம் கையால் போட்டதா? அப்படியென்றால் வருட ஆரம்பத்தில் கலா பொல வரும், ஜோர்ஜ் கீற் மன்றம் 1993இல் இருந்து நடத்துகிறது, வீதியோரத்தில் ஓவியர் தாங்களே நின்று விற்பது, ஒரு படம் விற்றாலும் தாள் காசில் கொஞ்சம் வரும்.

நேசரி ரீச்சர் எழுதியது:

100 பஸ் என்றால் கொண்டக்டரையும் போட்டிருக்க வேண்டும், போட்டீர்களா? டம்மியை எடுத்துக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் நேசரிக்கு வாருங்கள், தனிமடலில் இடம் சொல்கிறேன். பத்து மணிக்கு முதல் வாருங்கள், அதற்குப் பிறகு பசி வந்துவிடும், யாரும் கேட்கமாட்டார்கள்.